நல்ல தண்ணீரில் கழுவிய பெட்டி

பாடசாலை மலரில் ஓய்வு பெற்றவர்களின் அனுபவப் பகுதிக்கு எழுதித் தரும்படி மலர்க்குழுவிலிருந்து ஒரு தங்கை அழைத்தபோது, ஆள் மாறி அழைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். எனக்கு முப்பத்துமூன்று வயது. மகனுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. நான் ஓய்வு பெறவில்லை, வேலையை விட்டேன். அதுவும் நான் விட்டதா, அது என்னை விட்டதா என்பது இன்னும் எனக்குத் தீர்மானமாகத் தெரியாது.

“பரவாயில்ல ராத்தா. எங்கட ஸ்கூல்ல படிச்சுக் கடற்படைக்குச் சாமான் செஞ்ச ஒரே பொம்புளை நீங்கதானே” என்றாள்.

சாமானைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். அது எப்போது பழுதாகும் என்று பார்த்துக்கொண்டு நின்றவள்தான் நான். இதை எப்படி ஒரு வேலை என்று விளக்குவது என்று யோசித்து ஒரு வாரம் போய்விட்டது. எழுதலாமா கூடாதா என்று என் பழைய மேலதிகாரி அந்தோனி சேரிடமும் கேட்டேன். சிலாபத்துக்காரர், ஒரே வசனத்தில் தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார், தங்கையை நங்கி என்பார். “பெட்டிக்குள்ள என்ன இருக்கு எண்டு எழுத வேணாம் நங்கி. வெளியில என்ன நடந்தது எண்டு எழுதுங்க” என்றார். அந்த எல்லைக்குள் நின்று எழுதுகிறேன்.

படித்தது மின்னணுப் பொறியியல். பிறகு கொழும்பில் ஒரு தொழிற்சாலையில் மின்விசிறிகளின் சுற்றுப் பலகைகளைச் சோதித்தேன். திருமணமாகி, கற்பிட்டிப் பக்கத்து எத்தாளைக்கு வந்தபோது அந்த வேலையை விட வேண்டியிருந்தது. கணவர் பாடசாலை ஆசிரியர். இந்தப் பக்கத்தில் என் படிப்புக்கு என்ன வேலை இருக்கப் போகிறது என்று பேசாமல் இருந்த நேரத்தில், கற்பிட்டிக் களப்போரம் பழைய ஐஸ் தொழிற்சாலைக் கட்டிடத்தில் ஒரு சிறிய தனியார் நிறுவனம் சோதனைக்கூடம் திறந்தது. ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுத்தார்கள். போனேன்.

அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தது ஒரு மஞ்சள் பெட்டி. பாண் ரொட்டி ஒன்றின் அளவு இருக்கும். கடற்படையின் சிறிய ரோந்துப் படகுகளில் பொருத்துவதற்கு. படகு கவிழ்ந்தாலோ மூழ்கினாலோ, யாரும் எதையும் அமுக்காமலே, பெட்டி தானாக அலறிக் கரைக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அதன் வெளிப்புறத்தில் பக்கம் பக்கமாக இரண்டு உலோக ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் தண்ணீர் மூடினால் அவற்றுக்கிடையே மின்சாரம் ஓடும், பெட்டி விழித்துக்கொள்ளும். யோசனை அவ்வளவுதான். ஒரு வயர் அதைப் படகின் பற்றரியோடு இணைக்கும்.

முதல் பெட்டியைப் பார்க்க வந்த கடற்படை இளைஞர்களில் நுவன் என்று ஒருவர் இருந்தார். பெட்டி அலறுவதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அதற்கு “பபா” என்று பெயர் வைத்தார். சிங்களத்தில் குழந்தை. அதன் பிறகு எங்கள் கூடத்திலும் எல்லோருக்கும் அது பபாதான்.

புதிதாக உருவாகும் எந்தக் கருவியும் முதலில் நிறையப் பழுதாகும். பழுதாக வேண்டும். கடலில் ஆள் இருக்கும்போது பழுதாவதைவிட எங்கள் கையில் இருக்கும்போது பழுதாகிவிட்டால் நல்லது. ஒரு பழுது வரும், காரணத்தைக் கண்டுபிடிப்போம், வடிவமைப்பை மாற்றுவோம், திரும்பவும் ஓடவிடுவோம். மாற்றம் சரியென்றால் அடுத்த பழுது வர முன்னதைவிட அதிக நேரம் எடுக்கும். அப்படி நேரம் நீண்டுகொண்டு போவதைச் சுவரில் ஒரு கோடாக வரைந்து வைத்திருந்தோம். கோடு ஏற வேண்டும். ஓரளவு உயரத்தைத் தொட்ட பிறகுதான் கடற்படைக் குழு வந்து ஏற்றுக்கொள்ளும்.

சோதனைகள் பல விதம். சூட்டு அலுமாரிக்குள் வைப்போம். ஆட்டும் மேசையில் கட்டி, அலையில் படகு அடிபடுவதுபோல் அடிக்கவிடுவோம். ஆனால் முக்கியமான சோதனை கடலில்தான். ரஷீத் நானா என்பவரின் படகை வாடகைக்கு எடுத்திருந்தோம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சின்னப் பிள்ளையாக வந்து, இங்கேயே தொழில் பழகிய மனிதர். படகில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு தினமும் களப்பைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போய் வருவார். வந்ததும் பெட்டிகள் கூடத்துக்கு வரும். ஒவ்வொன்றையும் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி அலறுகிறதா என்று பார்ப்பேன். அடுத்த நாள் அவை திரும்பவும் படகுக்குப் போகும்.

வியாழக்கிழமைகளில் தீர்ப்புக் கூட்டம். அந்த வாரத்துப் பழுதுகள் எவை கணக்கில் சேரும், எவை சேராது என்று தீர்மானிப்பது அங்கேதான். ஆட்டும் மேசையின் திருகு கழன்று பெட்டி கீழே விழுந்து உடைந்தால் அது மேசையின் பிழை, சேராது. பெட்டியின் மூடிக்குள் தண்ணீர் புகுந்தால் சேரும். இரண்டுக்கும் நடுவில் வருபவைதான் ஆளைக் கொல்லும். சேராது என்று ஒன்றை ஒதுக்கிவிட்டால் கோடு அழகாக ஏறும், எல்லோருக்கும் சந்தோஷம். ஒதுக்கியது கடலில் திரும்ப வந்து நிற்கும்.

அந்தக் கூட்டத்தை அந்தோனி சேர் நடத்தும் விதத்தைச் சொல்ல வேண்டும். பழுதான பகுதியை ஒரு வெள்ளைத் தேநீர்ப் பீரிசில் வைத்து மேசை நடுவில் வைப்பார். எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்து முடியும்வரை யாரும் காரணம் சொல்லக் கூடாது. “பழுதாகிவிட்டது” என்று எழுதினால் அந்தச் சொல்லைப் பேனாவால் வெட்டிவிடுவார். “அது என்ன செஞ்சது எண்டு எழுதுங்க. பழுது எண்டு சொல்றது உங்கட கவலை. அது செஞ்சத மட்டும் எனக்குச் சொல்லுங்க.” குரல் உயராது. நாம் சொன்ன வசனத்தையே அவர் மெதுவாகத் திருப்பிச் சொல்வார். அவ்வளவுதான். அவர் வாயால் கேட்கும்போதுதான் அதிலுள்ள ஓட்டை நமக்குத் தெரியும். கடைசியில் ஒரே கேள்வி: “இது திரும்ப நடக்குமா?” நடக்காது என்று நிரூபிக்க முடியாதவர் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏற்றுக்கொள்ளும் சோதனைக்கு ஒரு மாதம் இருந்தபோது கோடு நன்றாக ஏறியிருந்தது. ஆட்டும் மேசையில் வந்த பழுதுகள் நின்றுவிட்டன. கடலில் போன பெட்டிகள் பழுதே ஆகவில்லை. நிறுவனத்தின் பணிப்பாளர் கொழும்பிலிருந்து வந்து கேக் வெட்டினார். எனக்குக் கேக் இறங்கவில்லை. அப்போதுதான் எனக்குக் கரு உண்டாகியிருந்தது, கணவருக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். வாந்தி காரணமா, பயம் காரணமா என்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை. நல்ல செய்தி வந்தால் நம்பாமல் இருப்பது என் சுபாவம். அதனால் என் சந்தேகத்தையே நான் சந்தேகித்தேன். சூட்டு அலுமாரியிலும் ஆட்டும் மேசையிலும் முக்கித் தக்கித் தேறிய பெட்டி, உப்புக்கடலில் மட்டும் எப்படி இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கிறது?

ஒரு மாலை, கூடத்துக்குள் ஒட்டுப் பசை மணம் தாங்காமல் காற்றுக்காக இறங்குதுறைக்கு நடந்தேன். ரஷீத் நானாவின் படகு கட்டியிருந்தது. பெட்டிகள் ஈரமாக வரிசையில் இருந்தன. ஒன்றைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்தேன். கடற்கரையோரம் வளர்ந்தவர்களுக்கு அது யோசியாமல் வரும் பழக்கம். உப்பு இல்லை.

அவர் பின்பக்கம் எஞ்சினுக்குப் பிளாஸ்ரிக் கானிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“நானா, இதையும் கழுவினீங்களா?”

“கழுவாம? உப்போட வெச்சா நாலு நாள்ல பூத்துப் போயிடும் புள்ள. எஞ்சினுக்கு ஊத்தக்குள்ள இதுகளுக்கும் ஒரு கை ஊத்துவன்.”

“எப்ப இருந்து?”

“தொடக்கத்துல இருந்துதான். ஆண்டவன் காவல், இதுவரைக்கும் ஒண்டு பழுதாகினதா?” என்று பெருமையாகச் சொன்னவர், என் முகத்தைப் பார்த்ததும் கானைக் கீழே வைத்தார். “ஏன், கூடாதா?”

கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கற்பிட்டி மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே உப்பில்லாத நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் வெங்காயம் விளைகிறது. கடலுக்குப் போய் வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாதவனைத் தொழில்காரன் என்று இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். எங்கள் சோதனைத் திட்டத்தில் படகு எவ்வளவு தூரம் போக வேண்டும், எவ்வளவு வேகம் என்றெல்லாம் இருந்தது. கரைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்று ஒரு சொல்லும் இல்லை. அந்த இடத்தை ஒரு நல்ல மனிதர் தனக்குத் தெரிந்த நல்ல பழக்கத்தால் நிரப்பியிருந்தார்.

கடற்படையின் ரோந்துப் படகுகளும் கழுவப்படுமென்றால் பிரச்சினையே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கழுவுவார்கள், கட்டாயம் கழுவுவார்கள், அவர்களும் படகுக்காரர்கள்தானே.

காலையில் அந்தோனி சேரிடம் சொன்னேன். வழக்கம்போல் என் வசனத்தைத் திருப்பிச் சொன்னார்: “பெட்டிகள் ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணியில கழுவப்பட்டன.” பிறகு தேநீரை வைத்துவிட்டு எழுந்தார். “ஹரி, சரி. போய்ப் பாப்பம்.”

அனுமதி வாங்கி, அடுத்த நாள் ஒரு தீவுக் காவல் நிலையத்துக்குப் போனோம். எங்களை அழைத்துப் போனவர் நுவன். இரண்டு படகுகள், ஒரு தகரக் கொட்டில், ஒரு கொடிக்கம்பம். கொட்டிலின் நிழலில் நீலக் குடிதண்ணீர்ப் பீப்பாக்கள், மூடிகளில் பூட்டு. கயிற்றில் காய்ந்த சட்டைகள் அட்டைபோல விறைத்து நின்றன, கடல் தண்ணீரில் துவைத்தவை. படகை எதில் கழுவுவீர்கள் என்று அந்தோனி சேர் சிங்களத்தில் கேட்டார்.

“மழையில சேர்” என்றார் நுவன். “மழை வந்தா எங்களையும் அதுதான் கழுவும்.”

திரும்பி வரும்போது அந்தோனி சேர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தார். துறையில் இறங்கியதும், “ரெண்டு பெட்டி ஒரே படகில போகட்டும். ஒண்டக் கழுவுங்க, ஒண்ட விடுங்க. காலையில வரைக்கும் படகிலயே கிடக்கட்டும், தீவில கிடக்கிற மாதிரி. ரஷீதுக்கு நான் சொல்ல மாட்டன், நீங்க சொல்லுங்க. அவர் உங்களத்தான் நம்புறார்” என்றார்.

சொன்னேன். “ஒண்டக் குளிப்பாட்டி மத்தத அழுக்கோட விடுறதா?” என்று முகம் சுளித்தார் ரஷீத் நானா. “மாற்றாந்தாய் வேல பாக்கச் சொல்றீங்க.” ஆனாலும் சொன்னபடி செய்தார். மாரி முடிந்த காலம், மழை இல்லை. கழுவாத பெட்டியின் ஊசிகளைச் சுற்றி மெதுவாக வெள்ளை பூத்தது. நான் தினமும் போய்ப் பார்த்தேன். அது ஒன்றும் செய்யவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. பெட்டி நல்லதாகவே இருக்கட்டும், நான் பயந்தவள் என்று பெயர் வந்தாலும் பரவாயில்லை என்று துஆ கேட்டேன்.

ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. கூடத்துக் காவலாளி. “மிஸ், பெட்டிட செய்தி வாற மேசையில சிவப்பு லைற் எரியுது. சத்தம் நிக்குதில்ல.”

படகு மூழ்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். ரஷீத் நானா விடியலில் போவதுதான் வழக்கம். கணவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். வயிற்றில் பிள்ளையோடு அந்தப் பாதையில் அவ்வளவு வேகம் போகலாமா என்ற கேள்வி எனக்கு வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வந்தது. வழியெல்லாம் ரஷீத் நானாவின் பிள்ளைகளுடைய பெயர்களைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

துறையில் படகு கட்டியபடி இருந்தது. கடல் அசையாமல் கிடந்தது. ரஷீத் நானா கரையில் நின்று காதைப் பொத்திக்கொண்டிருந்தார். படகுக்குள் ஒரு துளித் தண்ணீர் இல்லை. கழுவாத பெட்டி மட்டும் அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கழுவிய பெட்டி பேசாமல் இருந்தது.

“ஒண்டும் செய்யல்ல புள்ள, சத்தியமா நான் தொடக்கூட இல்ல” என்றார் அவர்.

ஊசிகளில் பனி இறங்கியிருந்தது. காய்ந்த உப்பு பனியை உறிஞ்சி ஈரமாகி, இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டிருந்தது. பெட்டியைப் பொறுத்தவரை அது கடலுக்குள் போய்விட்டது. துணியால் துடைத்ததும் நின்றது. அடுத்த நாள் காலையும் அலறியது. அதற்கடுத்த நாளும்.

அவர் உயிரோடு நின்றதில் வந்த நிம்மதி அடங்குவதற்குள் அடுத்த பயம் பிடித்தது. தீவில் இருக்கும் பிள்ளைகள் இரவுக் காவல் முடித்துக் கண்ணயரும் நேரத்தில் இந்தப் பெட்டி தினமும் அலறினால் என்ன செய்வார்கள்? வயரைக் கழற்றிவிடுவார்கள். நானாக இருந்தாலும் கழற்றுவேன். கழற்றிய வயரோடு ஒரு நாள் படகு கவிழும். பெட்டி அங்கேயே இருக்கும், எல்லோரும் அது இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருப்பார்கள். பெட்டியே இல்லாத படகைவிட அது ஆபத்து.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் பணிப்பாளரும் வந்தார். அவர் கெட்டவர் அல்ல. வீட்டை ஈடு வைத்து ஆரம்பித்த நிறுவனம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தோனி சேர் பெட்டியையே பீரிசில் வைத்தார். பணிப்பாளர் அதைக் கையில் எடுக்கவில்லை.

“இது பெட்டிட பிழையில்லையே. கழுவாதது பாவிக்கிறவர் பிழை. கணக்கில சேராது. பாவனைப் புத்தகத்தில ஒரு வரி போடுங்க. ஒவ்வொரு பயணத்தின் பின்னும் நன்னீரால் கழுவவும். முடிஞ்சுது.” என்னைப் பார்த்தார். “புத்தகம் நீங்கதானே செய்றீங்க, மிஸ்? இண்டைக்கே போட்டுடுங்க.”

“அங்க நல்ல தண்ணி இல்ல சேர்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“அது அவங்கட ஏற்பாடு. நாங்க எழுதியிருந்தா எங்கட பொறுப்பு முடிஞ்சுது.”

அந்தோனி சேர் அந்த வசனத்தைத் திருப்பிச் சொன்னார்: “எழுதியிருந்தா எங்கட பொறுப்பு முடிஞ்சுது.” பணிப்பாளர் முகம் சிவந்தது. ஆனால் முடிவு அவருடையது. சோதனை நாள் குறிக்கப்பட்டிருந்தது. அது தள்ளிப்போனால் கூடத்தை மூட வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அந்த வரியை எழுதினேன். சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டுப் பழக்கமில்லை. எழுதிவிட்டு அழித்தேன், திரும்ப எழுதினேன். ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள்தான். கர்ப்பம் தெரியவந்தால் நீடிப்பார்களா என்பதே சந்தேகம். இந்த நேரத்தில் வாயைத் திறக்க வேண்டுமா? கணவரிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “நீங்க சொல்லாட்டி வேற யாருக்குத் தெரியும்?” என்றார். அது சொல் என்றா, சொல்லாதே என்றா என்று நான் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

குழு வந்தது. வெள்ளைச் சீருடையில் ஒரு அதிகாரி, எழுதிக்கொள்ள இருவர், பெட்டியைப் பாவிக்கப் போகிறவர்கள் சார்பில் நுவன். சூட்டு அலுமாரி, ஆட்டும் மேசை, தொட்டி எல்லாம் காட்டினோம். பெட்டி ஒவ்வொரு முறையும் சரியாக அலறியது. அதிகாரி தலையசைத்துக்கொண்டே வந்தார். பிறகு அமர்ந்து பாவனைப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

“நன்னீரால் கழுவவும்” என்று வாசித்தார். “ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகுமா?”

“சாதாரண பராமரிப்புத்தான்” என்றார் பணிப்பாளர். “எந்தப் படகுக்கும் செய்றதுதானே.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “கடல் சோதனை நீங்கள் செய்ததா? அதில் கழுவினீர்களா?”

பணிப்பாளர் என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோனி சேர் என்ன நினைக்கிறார் என்று அவர் முகத்தில் தேடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், உதவவே இல்லை. ஓம் என்று மட்டும் சொல்லி நிறுத்தலாம். அது பொய்யும் இல்லை.

“கழுவினோம் சேர். எல்லாப் பெட்டியும், எல்லா நாளும். பிறகு ஒன்றைக் கழுவாமல் விட்டுப் பார்த்தோம். அது பனி விழுந்த ஒவ்வொரு காலையும் அலறியது. படகு துறையில் கட்டியிருந்தது.”

அதிகாரி திரும்பி நுவனிடம் சிங்களத்தில், “உங்கள் படகில் இப்படி அலறினால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்.

நுவன் நெளிந்தார். “மேலே அறிவிப்போம் சேர்.”

“உண்மையைச் சொல்.”

“முதல் நாள் அறிவிப்போம். ரெண்டாம் நாள் வயரைக் கழற்றுவோம்.”

அதிகாரி புத்தகத்தை மூடினார். கோபம் இல்லை. “வயர் கழற்றப்படாத ஒரு பெட்டி செய்து முடிந்ததும் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர்கள் போன பிறகு பணிப்பாளர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே மிஸ். கேட்டது அவ்வளவுதானே.” இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது அந்த வசனம் காதில் விழும். கூடம் மூடப்படவில்லை. ஆனால் இரண்டு பேரை நிறுத்தினார்கள், ரஷீத் நானாவின் படகு வாடகை நின்றது. அவருடைய நல்ல பழக்கத்தை நான் போய்க் கண்டுபிடித்ததற்கு அவர் கொடுத்த விலை அது. சந்தையில் எதிர்ப்பட்டால் அவர் வழக்கம்போல் சலாம் சொல்வார். நான்தான் கீழே பார்ப்பேன்.

அந்தோனி சேர் சுவரிலிருந்த கோட்டை அழிக்கவிடவில்லை. பழைய ஏற்றம் அப்படியே இருக்க, அதன் நுனியிலிருந்து கீழே ஒரு செங்குத்துக் கோடு போட்டார். “விழுந்தது தெரியோணும். இல்லாட்டி அடுத்த ஆள் ஏறினத மட்டும் பாத்து நம்புவார்.”

பிறகு திருத்தம். ஊசிகள் மேலே நோக்கி இருந்ததால்தான் உப்பும் பனியும் தங்கின. அவற்றைக் கீழ்நோக்கித் திருப்பி, மேலே தொப்பிபோல ஒரு மூடி போட்டோம். இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்ரிக் தடுப்பு. கழுவாமல் வைத்தோம். பனி வந்தது, பெட்டி பேசவில்லை. கூடத்தில் எல்லோரும் சிரித்தோம். அந்தோனி சேர் சிரிக்கவில்லை. “இப்ப மூழ்கடிச்சுப் பாருங்க” என்றார்.

தொட்டியில் அமிழ்த்தினேன். பெட்டி பேசவில்லை.

கையை நனைத்தபடி அப்படியே நின்றேன். தண்ணீர் பெட்டியை முழுதாக மூடியிருந்தது. தொப்பிக்குள் காற்று சிக்கி, ஊசிகள் அந்தக் காற்றுக்குமிழிக்குள் காய்ந்தபடி இருந்தன. படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் காற்று வெளியேறிவிடும். கவிழாமல், தண்ணீர் ஏறி அப்படியே அமிழ்ந்தால் பெட்டி கடைசிவரை வாயே திறக்காது. பொய்யாக அழுததை நிறுத்தப் போய், உண்மையாக அழ வேண்டிய வாயையும் பொத்தியிருந்தோம். தொப்பியின் உச்சியில் காற்றுப் போக ஒரு துளை போட்டோம். அந்தத் துளையை உப்பு அடைக்காத அளவு எது என்று தேடியே வாரங்கள் போயின. அதற்குள் ரஷீத் நானாவைத் திரும்ப அழைத்திருந்தார்கள்.

“இப்ப கழுவாம விடுறதுக்கும் சம்பளம் தாறீங்களாம்” என்றார் என்னிடம். “இப்பிடி ஒரு வேலைய எண்ட வாப்பா கேட்டிருந்தா சிரிச்சிருப்பார்.” அன்றுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

கோடு திரும்ப ஏறுவதை நான் முழுதாகப் பார்க்கவில்லை. எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் கூடியது, வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஒப்பந்தம் அந்த நேரத்திலேயே முடிந்தது. அவர்கள் நீடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா? என் இடத்துக்குக் கனமூலையிலிருந்து சுமையா என்ற பெண் வந்தாள். துளையின் அளவு முதல் தொட்டித் தண்ணீரில் எவ்வளவு உப்புப் போடுவது என்பதுவரை தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வேலையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி ஏற்றுக்கொள்ளப்பட்டதும் படகுகளில் பொருத்தப்பட்டதும் அவள் காலத்தில்தான்.

போன கிழமை அவள் முதல் தடவையாகத் தீவு நிலையத்துக்குப் போய்ப் பொருத்திய பெட்டிகளைப் பரிசோதித்துவிட்டு அழைத்தாள். மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். தட்டை வைத்துவிட்டு முதலில் அதைத்தான் கேட்டேன்.

“வயர்?”

“எல்லாம் இரிக்கி ராத்தா. ஒண்டும் கழட்டல்ல.”

“கையால இழுத்துப் பாத்தியா?”

“பாத்தன். திருகுக்கு மேல பூசின பெயின்ற்கூட உடையல்ல.”

சுவரில் சாய்ந்துகொண்டேன். அவள் தொடர்ந்தாள். “ஆனா அவங்க ஒரு முறைப்பாடு சொல்றாங்க. பபா அழுகிறதே இல்லையாம். மாசக்கணக்கா ஒரு சத்தமும் இல்லாம இரிக்கி, உசிரோட இரிக்கிதா எண்டே தெரியாதாம். அதனால கடலுக்குப் போக முந்தி, தினமும் காலையில ஈரத் துணிய ஊசியில வெச்சு ஒருதரம் அழவெச்சுப் பாக்கிறாங்க. கேட்டாத்தான் படகில ஏறுவாங்களாம். புத்தகத்தில அப்பிடி ஒண்டும் இல்லையே, நிப்பாட்டச் சொல்லவா?”

எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. சத்தமில்லாமல் தூங்கும் பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்காத இரவு எனக்கும் இல்லை.

“துணிய எந்தத் தண்ணில நனைக்கிறாங்க?” என்றேன்.

“கடல் தண்ணி.”

பழைய உப்புப் பாலம் என் கண்முன் வந்தது. ஊசிகளுக்கு நடுவில், தொப்பிக்கு உள்பக்கம், பனி படாத இடத்தில், ஒவ்வொரு காலையும் ஒரு துணியளவு உப்பு.

“அவங்கள நிப்பாட்ட வேணாம்” என்றேன். “நாளையில இருந்து நீயும் கூடத்துப் பெட்டிக்கு அப்பிடியே செய். கடல் தண்ணி, அதே மாதிரித் துணி, ஒவ்வொரு காலையும்.”

“எவ்வளவு நாளைக்கு ராத்தா?”

“அவங்க செய்ற வரைக்கும்.”